சுற்றுகிறது, ஆனால் சூடில்லை

ட்ரையர் வழக்கம்போலவே சத்தம் போடுகிறது. உருளை சுற்றுகிறது. ஜீன்ஸின் பொத்தான் உள்தகரத்தில் டக் டக்கென்று அடிபடுகிறது. மிச்ச நிமிடங்களைக் காட்டும் இலக்கமும் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போகிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்தால் உடுப்பெல்லாம் போட்டபடியே ஈரமாகவும் குளிராகவும் கிடக்கிறது. ரொறன்ரோ பக்கத்தில் பிள்ளைகளோடு குடியிருப்பவர்களுக்கு ஜனவரி மாதத்தில் இது சின்னத் தொல்லை இல்லை. வெளியே கொடி கட்ட வழியில்லை. பேஸ்மென்ட்டில் கயிறு கட்டிப் போட்டால் தடித்த துணி காய இரண்டு நாளாகும், சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும்.

'கொயில் எரிந்துபோச்சு' என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும் தீர்ப்பு. சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் சூடு வராத ட்ரையர்களில் பல, அளவுக்கு மிஞ்சிச் சூடேறியதாலேயே சூட்டை இழந்தவை. உள்ளே இருக்கும் பாதுகாப்புத் துண்டு ஒன்று, வீடு தீப்பிடிக்காமல் இருக்கத் தன்னை அறுத்துக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிட்டு, அது ஏன் அறுந்தது என்று கேட்காமல் விடுவதுதான் இந்தப் பழுதில் மிகப் பெரிய ஆபத்து.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். வட அமெரிக்க வீடுகளுக்கு வரும் மின்சாரம், மற்ற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் விசித்திரமானது. தெருவிலிருந்து இரண்டு மின் கம்பிகளும் அவற்றுக்குப் பொதுவான ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஏதாவது ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 120 வோல்ட். விளக்கு, தொலைக்காட்சி, ஃபோன் சார்ஜர் எல்லாம் அதில்தான் ஓடும். இரண்டு கம்பிகளுக்கும் இடையில் 240 வோல்ட். சமையல் அடுப்பும் ட்ரையரும் அதைக் கேட்பவை. மின்சார ட்ரையருக்குள் இந்த இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கின்றன. உருளையைச் சுற்றும் மோட்டாரும் உள்விளக்கும் 120 வோல்ட்டில் வேலை செய்யும், சூடாக்கும் கம்பிச்சுருள் மட்டும் 240 வோல்ட்டில் வேலை செய்யும். ஆகவே இரண்டு கம்பிகளில் மோட்டாருக்கு வேண்டாத கம்பி எங்காவது அறுந்தால், ட்ரையர் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டே இருக்கும். சூடு மட்டும் இராது.

அதனால் கழற்றுவதற்கு முன் மின்பெட்டிக்குப் போங்கள். ட்ரையருக்குரிய பிரேக்கர் 30 அம்பியர், இரண்டு சுவிச்சை ஒட்டவைத்ததுபோல இரட்டையாக இருக்கும். அது விழுந்திருப்பது வெளிப்பார்வைக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே முழுவதுமாக அணைத்து, பிறகு திரும்பப் போட வேண்டும். போட்டவுடனேயே மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், அது வேறு பழுதைச் சொல்கிறது. பழைய வீடுகளில் பிரேக்கருக்குப் பதிலாக இரண்டு குழாய் பியூஸ்கள் இருக்கும். ஒன்று போய் மற்றது இருந்தால் இதே அறிகுறிதான். அப்படியே ட்ரையரின் திருகியையும் ஒருமுறை பாருங்கள். சூடில்லாமல் வெறும் காற்றில் சுற்றும் நிலை ஒன்று பெரும்பாலான ட்ரையர்களில் உண்டு. வீட்டில் யாராவது அதற்குத் திருப்பிவிட்டால் பழுதே இல்லாத இயந்திரத்துக்கு ஆள் கூப்பிடும்படி ஆகிவிடும்.

பிளக்கையும் வயரையும் கண்ணால் பார்ப்பது எல்லோராலும் முடியும். சூடாக்கும் சுருள் 20 அம்பியருக்கு மேல் இழுப்பது. அவ்வளவு மின்சாரம் தளர்ந்த ஒரு இணைப்பு வழியாகப் போனால் அந்த இடமே அடுப்பாகிவிடும். பிளக்கின் உலோகத் தகட்டில் ஒன்று மட்டும் கறுத்திருக்கிறதா, ட்ரையரின் பின்பக்கத்தில் வயர் வந்து சேரும் இடத்தில் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக முறுக்காத ஒற்றை ஸ்குருவே பல வருடங்கள் கழித்து இப்படி வெளியே வரும்.

சுவர்த் துளைகளில் மின்சாரத்தை அளப்பது பழகியவர்கள் வேலை. அளப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறியும் உண்டு. ஒவ்வொரு துளையையும் நியூட்ரலோடு வைத்து அளந்தால் இரண்டிலும் 120 காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். மின்பெட்டியில் அண்மையில் யாராவது கைவைத்து இரண்டு கம்பிகளையும் ஒரே பக்கத்தில் பூட்டியிருந்தால், அந்த இரண்டுக்கும் இடையில் பூச்சியந்தான் இருக்கும். ஆகவே இரண்டு துளைகளுக்கும் இடையில் அளந்து 240 இருக்கிறதா என்று பார்ப்பதே முடிவான சோதனை. லண்டனிலோ கொழும்பிலோ சென்னையிலோ இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே வீட்டுக்குள் ஓடுவது ஒரே 230 வோல்ட். அது போனால் மோட்டாரும் சேர்ந்தே நின்றுவிடும்.

மின்சாரம் சரி என்றால் பழுது இயந்திரத்துக்குள். உள்ளே போவதற்கு முன், உடுப்பு எப்படிக் காய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

சலவை இயந்திரம் பிழிந்து தள்ளிய பிறகும் ஒரு சாதாரண சுமையில் இரண்டு, இரண்டரை லீற்றர் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அதை ஆவியாக்கியே ஆக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு கிலோவைக் குழாய்த் தண்ணீரின் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு வேண்டியதைப்போல இது ஆறு ஏழு மடங்கு. இரண்டரை லீற்றருக்கு 6,000 கிலோஜூல், மின்கட்டணக் கணக்கில் ஒன்றே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வட அமெரிக்க ட்ரையரின் சுருள் பொதுவாக 5,000 வாட்டுக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு துளி சூடும் வீணாகாவிட்டால் இருபது நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். உண்மையில் நாற்பது, ஐம்பது நிமிடங்கள் ஆகின்றன. தகரமும் துணியும் சூடேற வேண்டும், வெளியே போகும் காற்றோடும் சூடு போகிறது.

அந்த வெளியே போகும் காற்றுத்தான் இந்தக் கதையின் நாயகன். 20 பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு கன மீற்றர் காற்று 17 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும். 60 பாகையில் அதே அளவு காற்று 130 கிராம் வரை சுமக்கும். சூடு செய்யும் வேலைகளில் ஒன்று, காற்றின் சுமக்கும் திறனைக் கூட்டுவது. சுமந்த காற்று வெளியே போய்ப் புதுக் காற்று வராவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் பயனில்லை, உருளைக்குள் ஒரு நீராவிக் குளியலறைதான் மிஞ்சும். வெயில் இல்லாத ஆனால் காற்றடிக்கும் நாளில் கொடியில் போட்ட உடுப்பு காய்ந்துவிடுவதும், வெயிலடித்தும் காற்றே அசையாத புழுக்கமான நாளில் மாலைவரை ஈரமாகக் கிடப்பதும் யாழ்ப்பாணத்து முற்றத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளியே காயப்போட முடியாத குளிர்நாட்டில்தான் இந்த இயந்திரம் வளர்ந்தது. வட டகோட்டாவின் ஜே. ராஸ் மூர் உருவாக்கிய வடிவத்தை வைத்து, விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரிலிருந்த ஹாமில்டன் நிறுவனம் 1938இல் 'ஜூன் டே' என்ற பெயரில் ட்ரையரை விற்கத் தொடங்கியது. சுற்றும் உருளை, சூடான காற்று, அதை இழுத்து வெளியே தள்ளும் விசிறி என்ற அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை.

காற்றின் பாதையோடு நாமும் போவோம். அறையிலிருந்து இழுக்கப்படும் காற்று ஒரு தகரக் கூட்டுக்குள் நுழைகிறது. அங்கேதான் நிக்ரோம் கம்பிச்சுருள். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்தக் கம்பிக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். ரொட்டி வாட்டும் டோஸ்டர் முதல் தலைமுடி உலர்த்தி வரை வீட்டில் செக்கச்செவேலென்று காயும் கம்பிகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவை. சாதாரண இரும்புக் கம்பியை அப்படிக் காய்ச்சினால் காற்றுப்பட்டு அரித்துப்போகும். நிக்ரோமின் மேற்பரப்பில் குரோமியம் ஒட்சைட் மெல்லிய படையாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சூடேறி விரிந்து ஆறிச் சுருங்குவதால் எங்காவது ஒரு இடம் மெலியும். மெலிந்த இடத்தில் மின்தடை கூடும், அதனால் அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகக் காயும், அதனால் இன்னும் மெலியும். ஒரு நாள் அறுந்துவிடும்.

சூடேறிய காற்று உருளைக்குள் புகுந்து, புரளும் உடுப்புகளுக்கு நடுவில் ஈரத்தை வாங்கிக்கொண்டு, தும்பு பிடிக்கும் வலையைத் தாண்டி, விசிறிக்குப் போய், பின்னாலுள்ள குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போகிறது. இந்தப் பாதையில் சில காவலாளிகள் நிற்கிறார்கள். பரவலான ஒரு வடிவமைப்பில், விசிறிக்கு அருகில் இருக்கும் தெர்மோஸ்டாட் காற்று ஏறத்தாழ 68 பாகையை எட்டியதும் சுருளை அணைக்கும், ஆறியதும் மறுபடி போடும். உள்ளே இருப்பது வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்ன வட்டத் தகடு. சூடேறினால் பட்டென்று மறுபக்கம் குழிந்து இணைப்பைப் பிரித்துவிடும். சுருளின் கூட்டிலேயே இன்னொன்று, ஏறத்தாழ 120 பாகையில் பிரிவது. இந்த இரண்டும் திரும்ப ஒட்டக்கூடியவை. இவற்றுக்கு அப்பால், ஒருமுறை பிரிந்தால் இனி ஒட்டாத வெப்ப பியூஸ் ஒன்றோ இரண்டோ இருக்கும். விசிறிப் பக்கத்தில் இருப்பது 91 பாகை அளவில் போகும், சுருளின் கூட்டில் இருப்பது இன்னும் உயர்ந்த சூட்டில் போகும். மாடலுக்கு மாடல் இலக்கங்கள் மாறும், ஒழுங்கு ஏறத்தாழ இதுதான்.

இப்போது குழாய் தும்பால் அடைபட்டதென்று வையுங்கள். சுருள் வழக்கம்போலக் காய்கிறது, அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகக் காற்றில்லை. சுருளைச் சுற்றித் தேங்கும் சூடு முதலில் திரும்ப ஒட்டும் காவலாளிகளை அடிக்கடி தட்டுகிறது. சுருள் அணைந்து அணைந்து எரிகிறது. உடுப்புக் காய நாற்பது நிமிடம் எடுத்தது எழுபதாகிறது, இரண்டு தடவை ஓட்ட வேண்டியதாகிறது. வீட்டில் எல்லோரும் 'மெஷின் பழசாப்போச்சு' என்று சொல்லிப் பழகிக்கொள்கிறோம். கம்பியும் சீக்கிரமே மெலிகிறது. ஒரு நாள் கம்பிச்சூடு எல்லை தாண்ட, வெப்ப பியூஸ் போய்விடுகிறது. அன்றைக்குத்தான் 'சூடு வரவில்லை' என்று கண்டுபிடிக்கிறோம். பழுது மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்தப் பியூஸைத் தவிர்த்து இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சோதனைக்காக ஒரு தடவைகூட வேண்டாம். அந்தக் கூட்டைச் சுற்றி இருப்பது காய்ந்த பருத்தித் தும்பு, தீக்கு அதைவிட நல்ல இரை வேறில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான விபத்துகளை ஆராய்ந்து, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 ட்ரையர் தீவிபத்துகள் நடப்பதாகக் கணித்தது. காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமை, 34 வீதம். சில டொலர் விலையுள்ள அந்தப் பியூஸ் அந்தக் கணக்கில் உங்கள் வீடு சேராமலிருக்கத்தான் அங்கே இருக்கிறது.

சோதிப்பது கடினமில்லை. பிளக்கைக் கழற்றுங்கள். பிரேக்கரை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் சுவரைவிட்டு வெளியே இருக்க வேண்டும். மாடலைப் பொறுத்துப் பின் தகட்டையோ முன் தகட்டையோ எடுத்தால் பியூஸ் தெரியும். சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு பக்கமும் தட்டையான உலோகக் காதுகள். ஒரு வயரையாவது கழற்றிவிட்டே மல்டிமீற்றரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீற்றர் வேறு வழியாகச் சுற்றிவந்து பொய் சொல்லும். நல்ல பியூஸ் என்றால் மீற்றர் பூச்சியத்துக்கு அருகில் காட்டி பீப் ஒலி எழுப்பும். போன பியூஸ் பார்வைக்குப் புதிது மாதிரியே இருக்கும், மீற்றர் மட்டும் அசையாது. தெர்மோஸ்டாட்டுகளையும் இதே விதமாகப் பார்க்கலாம், அறைச்சூட்டில் அவை இணைந்தே இருக்க வேண்டும்.

சுருளுக்கு ஓம் கணக்குப் பார்க்க வேண்டும். 240 வோல்ட்டில் 5,400 வாட் தரும் சுருளுக்குப் பத்தரை ஓமுக்குக் கொஞ்சம் மேல் வரும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வந்தால் சுருள் நலம். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்கூட. அறுந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முழுக்கம்பிபோலத் தோன்றுவதுண்டு. இன்னொரு அளவும் எடுங்கள், பலர் மறப்பது இதைத்தான்: சுருளின் முனை ஒன்றுக்கும் அதன் தகரக் கூட்டுக்கும் இடையில். அங்கே எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. தொய்ந்த சுருள் கூட்டைத் தொட்டுவிட்டால் தெர்மோஸ்டாட் இணைப்பைப் பிரித்த பிறகும் மின்சாரம் தகரம் வழியாகப் பாதை தேடிக்கொள்ளும், அணைய வேண்டிய நேரத்திலும் ஒரு பகுதி காய்ந்துகொண்டே இருக்கும். புது பியூஸ் போட்ட சில நாட்களிலேயே மறுபடி போவதற்கு இது ஒரு காரணம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடில்லையென்றால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகே சுருளுக்கு மின்சாரம் போக விடும் சுவிச் ஒன்று அதன்மேலேயே இருக்கிறது. காற்று ஓடாதபோது சுருள் காயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதன் தொடுமுனை கருகினால் மோட்டார் ஓடும், சுருளுக்கு ஒன்றும் வராது.

காஸ் ட்ரையர் வேறு சாதி. அதற்கு 120 வோல்ட் போதும், சூடு தருவது தீ. கீழ்த் தகட்டில் உள்ள சிறு துளை வழியாகப் பார்த்தால் பழுது தானே நடித்துக் காட்டும். முதலில் சிலிக்கன் கார்பைட் துண்டொன்று மெல்ல மெல்லச் சிவந்து, செம்மஞ்சளாகி, கண்ணைக் கூசவைக்கும். பக்கத்திலிருக்கும் உணரி அந்தச் சூட்டைப் பிடித்ததும் காஸ் வால்வின் மின்காந்தச் சுருள்களுக்கு மின்சாரம் போகும், வால்வு திறக்கும், நீலத் தீ பிடிக்கும். துண்டு சிவக்கவே இல்லையென்றால் பெரும்பாலும் அதுவே உடைந்திருக்கும், அல்லது வழியில் ஒரு பியூஸ் போயிருக்கும். நன்றாகச் சிவந்து, தீ பிடிக்காமலே அணைந்துபோனால் வால்வுச் சுருள்கள்தான் குற்றவாளி. முதல் சுமை நன்றாகக் காய்ந்து இரண்டாவது சுமை ஈரமாக வருவதும் இவற்றின் வேலைதான், குளிர்ந்திருக்கும்போது வேலை செய்து சூடேறியதும் வலுவிழந்துவிடுகின்றன. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு உரிமம் பெற்ற ஆள்தான் வர வேண்டும். காஸ் ட்ரையரின் குழாய் வழியாகக் கார்பன் மொனொக்சைட்டும் வெளியேறுகிறது, ஆகவே அங்கே அடைப்பு என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

பழுதில்லாமலே பழுதென்று தோன்றவைப்பதும் ஒன்றுண்டு. புது ட்ரையர்களில் வலைக்கு அருகில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் சேர்த்துத் தொடும்போது சிறு மின்னோட்டம் பாயும், அதை வைத்தே ஈரம் இருக்கிறதா என்று இயந்திரம் அறிகிறது. வாசனைக்காகப் போடும் மென்மைத்தாளின் மெழுகு பட்டையில் படிந்தால் ஈரத்துணியையும் காய்ந்ததென்று நினைத்து நின்றுவிடும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சரியாகும். அதே மெழுகு தும்பு வலையிலும் படியும். வலையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் வழிந்தோடாமல் மேலே தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் தேங்கும். சவர்க்காரமும் மென்மையான பிரஷும் போதும்.

பியூஸை மாற்றப் போகிறீர்களென்றால் அதற்கு முன் குழாயைக் கழற்றியே ஆக வேண்டும். பத்து சென்ரிமீற்றர் அகலமுள்ள வழவழப்பான உலோகக் குழாய்தான் சரி. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயையும் அலுமினியத் தாளில் செய்த சுருக்குக் குழாயையும் எடுத்தெறியுங்கள், அவற்றின் ஒவ்வொரு மடிப்பும் தும்புக்கு ஒரு தட்டு. அமெரிக்க வீட்டுக் கட்டட மாதிரி விதி மொத்த நீளத்தை 35 அடிக்குள் வைக்கச் சொல்கிறது, நேர்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடி கழிக்க வேண்டும். ட்ரையரை நடுவீட்டுக்கு நகர்த்திய புதுப்பிப்பு வேலைகளில் இந்தக் கணக்குப் பிழைத்துப்போவது சாதாரணம். வெளிச்சுவரில் இருக்கும் மூடியையும் பாருங்கள். ட்ரையர் ஓடும்போது அதன் இதழ்கள் நன்றாக விரிந்து நிற்க வேண்டும். குளிர்காலத்தில் நீராவி புகைபோலப் பொங்குவது தெரியும், மெலிந்த இழையாக வந்தால் எங்கோ அடைப்பு. அந்த ஈரமே இதழில் உறைந்து அதைப் பூட்டிவிடுவதும் உண்டு, வசந்தத்தில் சிட்டுக்குருவியோ ஸ்டார்லிங்கோ குழாய்க்குள் கூடு கட்டுவதும் உண்டு.

பழுது குழாயிலா இயந்திரத்திலா என்று பிரித்தறிய, மின்சார ட்ரையரில் மட்டும், குழாயை விலக்கிவிட்டு ஒரு சிறு சுமையை ஓட்டிப் பார்க்கலாம். அறை கொஞ்சம் ஈரமாகும், தும்பும் பறக்கும். உடுப்பு சீக்கிரம் காய்ந்தால் குற்றம் குழாயில். குழாயே இல்லாமலும் பின்துளையில் காற்றுப் பலவீனமாக வந்தால் விசிறிச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். குழந்தையின் ஒற்றைக் காலுறை அதில் சிக்கியிருக்கலாம். இல்லையென்றால் சக்கரத்தின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் துளை தேய்ந்து, மோட்டாரின் தண்டு மட்டும் சுற்றச் சக்கரம் வழுக்கிக்கொண்டிருக்கும். கையால் பிடித்து ஆட்டினால் அந்தத் தளர்வு தெரியும். சக்கரத்தையும் மாற்றிவிட்டே புது வெப்ப பியூஸைப் பூட்ட வேண்டும், பழைய பியூஸைப் போகவைத்த காற்றுக்குறை அதுவரை அங்கேயே இருக்கும்.